கரும்பாறை நூலகத்தின் நிரந்தர வாசகர்கள்

நெடுமாடம் என்ற நாட்டில், கரும்பாறை என்ற சிறு நகரத்தில், அரசாங்கம் தலையிடாத காலத்திலேயே ஒரு நூலகம் இருந்தது. உப்பு வண்டிக்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களைச் சத்திரத்து மாடத்தில் விட்டுப்போனார்கள். அதுவே வளர்ந்து நூலகமாகி, சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் கிளை விட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதி படித்த புத்தகத்தோடு யாராவது இறந்துபோனால், நூலகத்தில் அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே வீட்டார் அமர்ந்து மீதியை உரக்கப் படிப்பார்கள். கதை முடியாமல் ஆள் போகமாட்டார் என்பது நம்பிக்கை.

தேவகுஞ்சரியின் கணவர் அருமைநாயகம் ஒரு கடற்பயணக் கதையின் நடுவில் கண்ணை மூடினார். கப்பல் இன்னும் கரைசேரவில்லை. துக்கம் கழிந்து அவள் புத்தகத்தை எடுப்பதற்குள் சட்டம் முந்திக்கொண்டது.

நாட்டில் வாசிப்பு குறைந்துவிட்டதென்று மன்னர் வருந்தினார். அவர் வருந்தினால் யாருக்காவது வினைதான். நாற்காலி நிரம்பாத நூலகங்களை மூடச் சொன்னார், கிளைகளெல்லாம் போயின. அடுத்து, இருவர் சேர்ந்து நூலகத்துக்குள் நுழைவது சதி என்றார். செய்தித்தாள் மனதைக் கலைக்கும் என்று அதையும் நிறுத்தினார். ஆள் வரத்து அடியோடு நின்றது. இந்த லட்சணத்தில், தம் ஆட்சியை நீட்டிக்க நூலக வாசகர்களே வாக்களிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். நூலக அதிகாரி உத்தமசீலர் காலி நாற்காலிகளை எண்ணிப் பார்த்தார். மனிதர் நன்றாக யோசித்து, இறந்தவர்களுக்கு மீதியைப் படிக்கும் வழக்கத்தைத் தடை செய்தார்.

அதன்பிறகு நாற்காலிகள் நிரம்பத் தொடங்கின. ஆட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பக்கங்கள் தாமாகப் புரண்டன. யாரோ தொண்டையைச் செருமினார்கள். தேர்தலில் மன்னருக்கு எதிராக ஒரு வாக்கும் விழவில்லை. கதை முடியாதவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் போலும்.

தேவகுஞ்சரி அங்கே போனபோது, ஜன்னலோர நாற்காலியிலிருந்து அருமைநாயகத்தின் இருமல் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"ஐயா, அவரு ரொம்பக் களைச்சுப் போயிருக்காரு. மீதியைப் படிச்சு அனுப்பி வச்சிடுறேன்" என்றாள்.

உத்தமசீலர் குரலைத் தாழ்த்தினார். "தடைகூடப் பரவாயில்லம்மா. ஆனா ஒரு நாற்காலி காலியானாலும் நூலகத்தை மூடணுங்கிறது சட்டம். இந்த வட்டாரத்துல மிஞ்சினது இது ஒண்ணுதான்."

ஊரே சேர்த்துவைத்ததை ஒருத்தி மூடுவதா என்று அவள் தயங்கினாள். இருமல் மறுபடி கேட்டது. அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். மற்ற நாற்காலிகளில் பக்கம் புரளும் சத்தம் நின்றது. அத்தனை பேரும் காது கொடுத்தார்கள். கப்பல் கரை தொட்டதும் ஜன்னலோர நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. இருமல் அடங்கிவிட்டது. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

உத்தமசீலர் பதறவில்லை. அந்த நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. நூலகத்தை மூட வேண்டியதில்ல. போன தேர்தலுக்கு முன்னாடியே உங்களையும் இவங்களோட சேர்த்தாச்சு."

"நான் உசுரோட இருக்கேனே ஐயா."

அவர் இறந்த வாசகர்களின் பட்டியலைத் திருப்பி அவள் பெயரைக் காட்டினார். அவள் தெருவுக்கு ஓடினாள். தினமும் அவளோடு பேரம் பேசும் கீரைக்காரி கூடையோடு எதிரே வந்தாள். தேவகுஞ்சரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கீரைக்காரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்றைக்குக் காற்று கொஞ்சம் பலம்தான் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லியபடி நடந்தாள்.