பேரிங் போச்சு!

யுவஸ்ரீ கல்யாணத்துக்குப் புதுக் காரில்தான் போய் இறங்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். யுவஸ்ரீ என் மனைவியின் சித்தப்பா மகள். கல்யாணம் அடுத்த மாதம், கோபிசெட்டிபாளையத்தில். போன விசேஷத்துக்கு என் சகலை ரூபன் கூரை திறக்கிற காரில் வந்து, தலையை வெளியே நீட்டி எல்லோருக்கும் கையாட்டினான். மண்டபமே அவனைப் பார்த்தது. என்னை வாட்ச்மேன் மட்டும் பார்த்தார். அதுவும் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்வதற்கு.

தடை ஒன்றே ஒன்றுதான். எங்கள் பழைய கார் கெட்டுப்போக மறுத்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு தும்மல் கிடையாது, இருமல் கிடையாது.

"நல்லா ஓடற வண்டிய எதுக்குங்க மாத்தோணும்?" என்பாள் என் மனைவி மதிவதனி. "உங்களுக்குப் புடிக்கலீன்னா எங்கிட்டக் குடுங்க. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருசமாச்சு."

கொடுப்பேனா? நான் குளிக்கும்போதுகூடக் கார் சாவி சோப்பு டப்பா பக்கத்தில்தான் இருக்கும்.

காருக்கு நோய் வரவில்லை என்றால் நாம்தான் வரவழைக்க வேண்டும். எனக்கா தெரியாது? சிங்காநல்லூர் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக டெஸ்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினால், உள்ளே எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவேன். தமிழ்வேந்தன் காது என்றால் கம்பெனியில் தனி மரியாதை. வீட்டில் கிடையாது, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து மூன்று நட்டு எடுத்து வந்தேன். பின்பக்க இடது சக்கரத்தின் வீல் கப்பைக் கழற்றி, உள்ளே போட்டு மூடினேன். வேலை முடிந்தது.

சனிக்கிழமை மதிவதனியோடு அன்னூருக்குக் கிளம்பினேன், மாமியார் வீட்டுக்கு. வேகம் குறைகிற இடத்திலெல்லாம் கடகட, கடகட.

"ஏனுங்க, என்னமோ சத்தம் வருதுங்க."

"அப்படியா? எனக்கொண்ணும் கேக்கலியே" என்று நடித்தேன். பிறகு வண்டியை ஓரங்கட்டி, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மண்டியிட்டு, சக்கரத்தில் வைத்துக் கேட்டேன். நின்ற சக்கரம் என்ன பேசும்? இருந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"அம்மணி, மனசத் தேத்திக்க. பேரிங் போச்சு."

"மாத்திப்போட்டாச் செரியாயிருமுங்களா?"

"ஆகாது. பேரிங் போனா அச்சு போகும். அச்சு போனா கியர்பாக்ஸ் போகும்."

"அப்பறம்?"

"அப்பறம் நாம போவோம். புதுக் காருதான் ஒரே வழி."

"அப்படிங்களா? நீங்க சொன்னீங்கன்னாச் செரியாத்தானுங்க இருக்குமுங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் 'ங்க' என்ற மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மதிவதனியிடமிருந்து அது ஒரேயடியாகக் கொட்டினால் எனக்குச் சந்தேகம் வரும். இவ்வளவு சுலபமாக இவள் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லையே?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காரைக் கழுவினாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் காணாத காட்சி. சக்கரத்தைக்கூட விடவில்லை. சந்தேகம் இன்னும் ஒரு சுற்று பெருத்தது.

சாயங்காலம் இருவரும் காய்கறி வாங்கப் போனோம். கடகட, கடகட. ஆனால் சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது!

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போகக் காத்திருந்து, வீல் கப்பைத் திறந்தேன். காலி. நட்டு மூன்றும் எங்கோ விழுந்து தொலைந்திருக்கின்றன. அப்படியானால் இது என்ன சத்தம்? சாமி சத்தியமாக நான் போடாத சத்தம். நிஜ நோய்! எனக்கு வியர்த்துவிட்டது.

திங்கட்கிழமை தனியாக மெக்கானிக் காளிச்சாமி பட்டறைக்கு ஓட்டிப்போனேன். வழியெல்லாம் கார் பூனை மாதிரிப் போனது. காளிச்சாமி ஓட்டியும் பார்த்தார், படுத்தும் பார்த்தார்.

"ஒரு சத்தமும் இல்லீங் சார்."

அவர் மேலேயும் சந்தேகம் வந்தது. முற்றட்டும், பெரிய பில்லாகப் போடலாம் என்று விட்டுவைக்கிறாரோ?

செவ்வாய்க்கிழமை மதிவதனியோடு கோயிலுக்குப் போனேன். கடகட. புதன்கிழமை தனியாக வேலைக்குப் போனேன். சத்தமில்லை. வியாழக்கிழமை மறுபடி அவளோடு. கடகட. அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. அதை அங்கேயே அணைத்திருக்க வேண்டும்.

"அம்மணி, கண்டுபுடிச்சுட்டேன். நீ உக்காந்தாத்தான் சத்தம் வருது. எடது பக்கம் வெயிட்டு ஜாஸ்தி."

சத்தம் சட்டென்று நின்றது. அவள் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிட்டுங்களா?" என்றாள்.

"கொஞ்சந்தான்…"

"செரீங்க. காளிச்சாமியண்ணன் பட்டறைக்கு உடுங்க. இன்னைக்கே பாத்துப்போடலாம்."

பட்டறையில் காளிச்சாமியைப் பின் சீட்டில் ஏற்றினாள். நான் ஓட்டினேன், அவள் மடியில் கைப்பையோடு இடது பக்கம். குளத்துப் பக்கம் திரும்பும்போதே கடகட.

"அட, வருதுங் சார்!"

திரும்பி வந்ததும் மதிவதனி இறங்கினாள். "இப்ப நா ஓட்டறேனுங்க. நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. அதே மூணு பேரு, அதே வெயிட்டு."

ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குவதில்லை. சாவியைக் கொடுத்தேன். "ஓட்டறப்ப இது தொந்தரவுங்க" என்று அவள் கைப்பையைப் பட்டறை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு சுற்று போனோம். சத்தமில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் காளிச்சாமி கொட்டாவியே விட்டுவிட்டார். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங் சார். வண்டில கோளாறு இல்லீங். ஓட்டற ஆள மாத்திப்போட்டாச் செரியாயிருமுங்."

இருபத்திரண்டு வருஷம் ஸ்க்ரூடிரைவர் வைத்த காது சிவந்துபோயிற்று. அன்றைக்குப் போன சாவி திரும்பி வரவில்லை. புதுக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால், "சத்தமே இல்லாத வண்டிய எதுக்குங்க மாத்தோணும்?" என்றாள். பஸ்ஸில் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தேன்.

கல்யாணத்துக்கு அவள்தான் ஓட்டினாள். கோபி நெருங்கும்போது வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பின்னாடி என்ர கைப்பைல டப்பா இருக்குதுங்க. எடுங்க."

ஏதோ தின்னத் தருகிறாள் என்று எடுத்தேன். கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றிய சின்ன எவர்சில்வர் டப்பா. பிரித்து ஆட்டினேன்.

கடகட, கடகட.

அதே பேரிங் போன சத்தம்! திறந்தால் மூன்று பித்தளை நட்டு. பம்பு மோட்டாரில் ஒயர் மாட்டுவதற்கென்று எங்கள் கம்பெனியில் வைத்திருப்பது. காரில் எந்தச் சக்கரத்திலும் கிடையாது. பதற்றத்தில் கைக்கு வந்ததை அள்ளி வந்திருக்கிறேன், மடையன்!

கேட்க வாயைத் திறந்தேன். இது உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டால், முதலில் எங்கே இருந்தது என்று நான் சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மதிவதனி சொன்னாள்: "நாளைக்குக் கம்பெனில பத்தரமாத் திருப்பி வெச்சுப்போடுங்க. பஸ்ஸுல கூட்டமா இருக்கும், தொலைச்சுப்போடாதீங்க."