தலையெண்ணி சாரும் நாங்கள் காய்ச்சிய பாலும்

திருநெல்வேலி டவுனில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி முதலில் யாருக்குத் தெரியும்? புருஷனுக்கு என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். முதலில் தலையெண்ணி சாருக்குத் தெரியும். அப்புறம்தான் டாக்டர், மாமியார், புருஷன் எல்லோரும்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் இருந்த அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வாத்தியார். ஒல்லி உடம்பு, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. எங்கே நாலு பிள்ளைகளைப் பார்த்தாலும் அவருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்து எண்ண ஆரம்பித்துவிடும். ஆனித் தேரோட்டத்தில் ஊரே தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பாக்களின் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எண்ணினார்.

"சார், சாமி அந்தப் பக்கம்" என்றேன்.

"சாமி அடுத்த வருசமும் இங்கனதான் வருவாருவே. இந்தப் பயலுவ அடுத்த வருசம் எந்த ஸ்கூலுக்குப் போவானுவளோ!"

கல்யாண வீடுகளில் எல்லோரும் குத்துவிளக்கோ சுவர்க் கடிகாரமோ கொடுப்பார்கள். இவர் சிலேட்டு கொடுப்பார். மணமேடையில் ஏறி, மாலையும் கழுத்துமாக நிற்கிற பெண்ணிடம், "எந்த ஜூன் மாசம்னு பைய யோசிச்சுச் சொல்லு தாயி" என்பார். ஒரு தடவை எங்கள் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு உடனே நோட்டில் குறித்துக்கொண்டார். பித்தம்தான் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொன்னார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இரண்டு பேரன்கள். பேரை அடிக்க சாருக்கு மனமே வரவில்லை.

இதெல்லாம் வேடிக்கைக்குச் செய்தது அல்ல. இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்று சர்க்காரில் ஒரு கணக்கு உண்டு. ஆகஸ்ட் முதல் தேதி தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் ஒரு வாத்தியார் 'உபரி'. உபரியாகிவிட்டவரை ஜில்லாவில் எங்கே இடம் காலியோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் பள்ளியில் உபரி வரிசையில் முதல் ஆளாக நின்றவர் இவர்தான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் கண் தெரியாத அக்கா ஒருவர் மட்டும். டவுனில் இருந்த அந்த ஓட்டு வீட்டின் சுவரைத் தடவித் தடவியே சமையல், துவையல் எல்லாம் செய்துவிடுவார். வேறு வீடு என்றால் அந்த அக்காவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. ஆகவே ஒவ்வொரு தலையும் சாருக்கு முக்கியம்.

தொண்ணூறுகளின் நடுவில் தலைகள் குறைய ஆரம்பித்தன. ஐந்தாம் வகுப்பு முடித்ததும் எல்லோரும் பிள்ளைகளை ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பினார்கள். சார் விடுவாரா? டிசி கேட்டவர்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் சோற்றோடு போய் உட்கார்ந்துவிடுவார். எங்கள் தெரு டெய்லர் கடையில் மூன்று நாள் உட்கார்ந்தார். சும்மா இருப்பானேன் என்று பொத்தானும் தைத்துக் கொடுத்தார். நாலு சட்டைக்குப் பொத்தான் இடம் வலம் மாறிப் போன பிறகு டெய்லர் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், எம் மவன் ஒங்க ஸ்கூல்லயே படிக்கட்டும். ஊசிய மட்டும் கீழ வைங்க" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் தப்பிக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

நான்தான் அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "என் மகள் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள், இங்கேதான் படிப்பாள்" என்று முழங்கியவன். கைதட்டலை முதலில் ஆரம்பித்தவர் தலையெண்ணி சார். கடைசியில் நிறுத்தியவரும் அவரே.

அதற்கடுத்த வாரம் என் ஆபீஸ் சூப்பிரண்டு குடும்பத்தோடு ஜங்ஷனில் ஓட்டலுக்குப் போனோம். வீடு திரும்பியதும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"அவிய மவ 'வாட்டர் ப்ளீஸ்'ங்கா. நம்ம கோமதி 'மாமா, தண்ணி தாங்க'ங்கா. எனக்கு அங்கனயே தண்ணி எறங்கல."

இரண்டு பேருக்கும் ஒரே குடத்திலிருந்துதான் ஊற்றினார்கள் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை. பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு சீட்டுக்கு அலையாய் அலைந்து வாங்கிவிட்டேன். டிசி கேட்க வேண்டியதுதான் பாக்கி. தூக்குச்சட்டியோடு சார் எங்கள் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிற காட்சி கண்ணுக்குள் வந்தது. மைக்கில் பேசியதும் ஞாபகம் வந்தது. நேரே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சார், நாங்க பாளையங்கோட்டைக்கு வீடு மாறுதோம்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு கணம் எல்லாம் அணைந்து, மறுபடி எரிந்தது. "வீடு மாறுதீரா? அதுக்கு நான் என்னவே செய்ய முடியும்? நல்லாருங்க. என்னைக்குப் பால் காய்ச்சுதீரு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு மாறுகிறேன் என்றால் அடுத்த கேள்வி இதுதான் என்பது எனக்குத் தெரியாதா? பொய்யை யோசித்தவன் பாலை யோசிக்கவில்லை. "வார வெள்ளிக்கிழமை" என்று உளறிவிட்டேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை பாலக் குடிச்சிட்டு அங்கன வச்சே டிசி தாரேன். பிள்ளைக்கு மங்களகரமா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் கைவண்டி சத்தம். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஏற்றும் வண்டியோடும் வாட்ச்மேனோடும் சார் நிற்கிறார். "ஒத்தையில என்னத்தவே தூக்குவீரு?" நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு வேறு வழியில்லாமல் சொந்த வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தோம். கட்டில் ஏறியது. பீரோ ஏறியது. ஆட்டுரலாவது மிஞ்சும் என்று நினைத்தேன். "ஆட்டுரல் இல்லாம எந்த வீட்லவே குடித்தனம் நடக்கும்?" என்று சாரும் வாட்ச்மேனும் அதையும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆற்றுப் பாலத்தில் வண்டியை நான் இழுக்க, சார் பின்னால் தள்ளினார். முன்னால் சாமி படத்தோடு என் மனைவி. பக்கத்தில் உப்பு, மஞ்சள், நிறைகுடத்தோடு கோமதி. போகிற வருகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கே போவது? பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரே வீடு என் மச்சினன் வீடு. அவன் பனியனோடு வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தான். அக்காள் சாமி படத்தோடு வருவதையும், பின்னால் பீரோ வருவதையும் பார்த்து எழுந்துவிட்டான்.

"என்ன அத்தான், ஆத்துல வெள்ளமா?"

கண்ணைக் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரை.

"இவிய யாருவே?" என்றார் சார்.

"வீட்டுக்காரரு சார்."

சார் உடனே மச்சினனைக் கும்பிட்டார். "அண்ணாச்சி, இவரு தங்கமான மனுசன். வாடகைய மட்டும் ஏத்திராதீய." சுவரில் மாட்டியிருந்த மச்சினனின் கல்யாண போட்டோவைப் பார்த்து, "சாமானெல்லாம் அப்படியே விட்டுட்டு வாடகைக்குக் குடுத்திருக்காவளே, எவ்வளவு பெரிய மனசு!" என்றார். அடுக்களையில் காப்பிக்காகக் காய்ச்சி வைத்திருந்த பாலையே என் மனைவி மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அது பொங்கியது. ஏன் பொங்கியது என்று இன்றுவரை தெரியவில்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பால் பொங்கியிருக்கக் கூடாது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தார். பையிலிருந்து டிசியை எடுத்துக் கோமதியின் கையில் கொடுத்து, "ஏட்டி, அங்கன நம்ம ஸ்கூல் மானத்தக் காப்பாத்தணும்" என்றார்.

சாமான்கள் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. சொந்த வீட்டிலேயே நாங்கள் ஒளிந்து வாழ ஆரம்பித்தோம். முன்வாசலை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டுப் பின்பக்க முடுக்கு வழியாகப் போய் வந்தோம். கோமதி புது யூனிபாரத்துக்கு மேல் அம்மாவின் பழைய தாவணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். டையைப் பாலம் தாண்டிய பிறகுதான் கட்டவேண்டும் என்று உத்தரவு.

"அப்பா, இது நம்ம வீடுதான? நாம என்ன தப்புப் பண்ணினோம்?" என்று ஒருநாள் கேட்டாள். பதினோரு வயதுப் பிள்ளை. நான் அவளை அதட்டினேன்.

ஜூலையில் ஒருநாள் காலை பழக்கதோஷத்தில் முன்வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். இடுப்பில் சாரம், தோளில் துண்டு, வாயில் பேஸ்ட் நுரை. எதிரே சார்.

"என்னவே இந்தப் பக்கம்?"

"பழைய வீட்ட... ஒழுங்காப் பூட்டிருக்கான்னு பாக்க வந்தேன் சார்" என்றேன் நுரையோடு.

அவர் பூட்டு தொங்காத கதவைப் பார்த்தார். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். "நல்லாப் பூட்டும்வே. காலம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுவதும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை நினைத்தால் அந்த நுரையை விழுங்கினாற்போல இருக்கிறது.

ஆகஸ்ட் முடிவதற்குள் சாருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. உவரிப் பக்கம் கடற்கரைப் பள்ளிக்கூடம். தெருவில் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாராம், "உபரிய உவரிக்கு அனுப்புதாவ. ஒரு எழுத்துதான் வித்தியாசம்" என்று. வழியனுப்ப நான் போகவில்லை. எப்படிப் போவேன்? நான்தான் டவுனிலேயே இல்லையே!

ரேஷன் கடை வரிசையில் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தலைதான் குறைஞ்சுது. தெரியுமா ஒங்களுக்கு?"

நான் ரேஷன் கார்டைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

"ஒங்க மவ பேர மட்டும் ரிஜிஸ்டர்ல விட்டு வைங்க சார், பிள்ள இந்தத் தெருவுலதான இருக்கா, எண்ண வாரவங்க வந்தா ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சிருவோம்னு நான்தான் அவருகிட்ட சொன்னேன். அவரு கேக்கவே இல்ல. ரெண்டு ஸ்கூல்ல ஒரே பேரு இருந்து மாட்டிக்கிட்டா பிள்ளைக்கு அங்கன சீட்டு போயிரும், எனக்கு வேல எங்க போனாலும் கெடைக்கும்னுட்டாரு."

"நாங்க இங்கதான் இருக்கோம்னு அவருக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாவணியச் சுத்திக்கிட்டு ஒரு பிள்ள தெனமும் பஸ் ஏறுனா யாருக்குத் தெரியாது? அவ ஏறிப் போனப்பெறகுதான் அவரு தெருவுக்குள்ளயே வருவாரு. பிள்ளைக்கு வெக்கமாயிரும்னு."

அரிசி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. என் மகளுக்கு வெட்கம் வரக் கூடாது என்று அந்த மனிதர் ஒதுங்கி நின்றிருக்கிறார். அவளைத் தெருவில் ஒளித்து நடக்க வைத்தவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். கடற்கரையில் கட்டுமரங்கள் வந்திருந்தன. கூட்டமெல்லாம் மீனைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு விரல் மட்டும் மணலில் ஓடிய பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாரும்வே! சாப்பிட்டீரா?" என்று ஓடி வந்தார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இப்பதான் அடுக்களைக்கு வழி கண்டுபிடிச்சிருக்கா. ரெண்டு தடவ விழுந்துட்டா" என்றார், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

"சார், நாங்க வீடு மாறவே இல்ல" என்றேன்.

"தெரியும்வே" என்றார். "மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல ஒமக்கு மனசு வரல. அவ்வளவுதான."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேற்கொண்டு பேச அவருக்கு நேரமில்லை. மகளை ஆறாம் வகுப்புக்கு அனுப்ப மாட்டேன் என்கிற ஒரு மீனவர் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தார். நானும் கூடப் போனேன். அந்த ஆள் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சார் பேசியதையெல்லாம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டுச் சொல்லுதாரே, நீங்க சொல்லுங்க. ஒங்க பிள்ளைய சர்க்கார் பள்ளிக்கோடத்துலதான் படிக்க வைக்கியளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீய? இவரு மவ எங்க ஸ்கூல் பிள்ளையாக்கும். ஒண்ணாப்புலேருந்து அஞ்சாப்பு வரைக்கும் நம்மகிட்டதான் படிச்சா. அந்தப் படிப்ப வச்சுத்தான் இன்னைக்குப் பெரிய ஸ்கூல்ல மொத வரிசையில ஒக்காந்திருக்கா. ஒங்க மவளும் ஒக்காருவா."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இப்படியும் ஒரு உண்மை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த மீனவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நாளைக்கு அனுப்புதேன்" என்றார். சார் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வழியெல்லாம் கோமதியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். பஸ் வந்து நின்று கண்டக்டர் சத்தம் போட்ட பிறகும் சார் கையை விட எனக்கு மனம் வரவில்லை.