மூன்று சென்டிமீட்டர் குறைவு

"அசையாதே. மூச்சை இழுத்துப் பிடிக்காதே. சாதாரணமா இரு."

"முதல்ல என்னைச் சாதாரணமா இருக்க விடுங்க," என்றாள் கட்டிலில் மல்லாந்திருந்த மனைவி.

தையல்காரர் டேப்பின் ஒரு நுனியை அவள் அடிவயிற்றில் வைத்து, கர்ப்பப்பை மேலே முடிகிற இடம்வரை இழுத்துப் பிடித்தார். இருபத்தொன்பது. கர்ப்பமோ முப்பத்திரண்டு வாரம். இந்தக் கட்டத்தில் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று கிளினிக்கில் கொடுத்த சின்னப் புத்தகம் சொன்னது.

அந்தப் புத்தகத்தை அவர் துப்பறியும் கதை மாதிரி படித்திருந்தார். கண்ணில் படாத ஒரு ஆளுக்கு வெளியே நின்று அளவெடுக்க முடியுமாமே! பதினெட்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை.

"மூணு குறையுதே," என்றார், முகம் வெளுத்து. ஏழு வருடம் காத்திருந்து வருகிற குழந்தை. எடை குறைவாகப் பிறந்துவிடுமோ என்று பயந்தார்.

அன்றிலிருந்து மனைவிக்குக் காலையில் மூன்று முட்டை, மத்தியானம் மூன்று, நடுநடுவே பால்.

"இன்னொரு முட்டையைக் கண்ணுல காட்டினீங்க, கொக்கரிச்சிடுவேன்," என்றாள் அவள்.

அடுத்த வாரம் அளந்தார். முப்பது. அந்த மூன்று அப்படியே நின்றது.

நடந்தால் சத்து கரைந்துவிடும் என்று அவளைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. சமையல் அவர் கைக்கு வந்தது. அவர் சமைத்ததை வாயில் வைக்க முடியாமல் அவள் பாதித் தட்டை ஒதுக்கினாள். அவர் கவலை இரட்டிப்பானது.

எண்கள் மங்கியிருப்பதால்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று ஒரு யோசனை வந்தது. டேப்பை வெந்நீரில் அலசி, சுருண்டுகொள்ளாமல் இருக்க இஸ்திரிப்பெட்டியை நுனியில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தார். எண்கள் பளிச்சென்று தெரிந்தன. முப்பத்துநாலாம் வாரம் பளிச்சென்று இருபத்தொன்பது தெரிந்தது.

"ஐயோ, குழந்தை சுருங்குதுடி!"

கையில் டேப்போடு, மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு ஓடினார். நர்ஸ் அளந்து பார்த்து, "முப்பத்துநாலு. சரியா இருக்கு," என்றார்.

"உங்க டேப்பு தப்பு சிஸ்டர்!"

அவர் போட்ட கூச்சலில் டாக்டரம்மாவே ஸ்கேன் எடுத்தார். "சுமார் ரெண்டேகால் கிலோ. வாரத்துக்கு ஏத்த வளர்ச்சிதான்."

"சுமாரா? சரியாச் சொல்லக் கூடாதா டாக்டர்?"

"உள்ள தராசா வைக்க முடியும்? தலை, வயிறு, தொடை எலும்பு, இதையெல்லாம் அளந்து கணக்குப் போடறோம். பத்துல ஒரு பங்கு முன்னப்பின்ன இருக்கும்."

தையல்காரரின் கண்கள் விரிந்தன. "அட, நீங்களும் நம்ம தொழில்தானா!"

அதற்குள் நர்ஸ் இரண்டு டேப்பையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். தையல்காரரின் இருபத்தொன்பது, நர்ஸின் முப்பத்துநாலுக்கு நேராகப் படுத்திருந்தது.

"குழந்தை சுருங்கலை சார். இழுத்து இழுத்து உங்க டேப்புதான் நீண்டு போயிருக்கு."

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தார், சிரிக்கும்போதே கண் கலங்கியது. "டேப்பு எக்கேடு கெட்டா என்ன, என் பிள்ளை நல்லா இருக்கு!"

மனைவியும் சிரித்தாள். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"கடையிலயும் இந்த டேப்புலதான் எல்லாருக்கும் அளவெடுக்கறீங்களா?"

"ஆமா சிஸ்டர். துணி வெட்டும்போது மட்டும் இரும்பு ஸ்கேல்."

நர்ஸ் தன் இடுப்பில் இறுகிக்கிடந்த சீருடையைக் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி மனுஷா! நீங்க தைச்ச யூனிஃபார்ம் பிடிக்குது, உடம்பு போட்டுடுச்சுன்னு நாங்க எட்டு நர்ஸும் ஆறு மாசமா அரைவயித்துக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோமே!"