இருட்டினால் எரிய வேண்டிய பல்ப்

விஞ்ஞான அறையில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: நடுவில், பள்ளி அதிபரின் மெத்தைக் கதிரையில், பாடசாலைகளைப் பார்வையிட வரும் ஆலோசகர் பரமலிங்கம் ஐயா. அவருக்கு வலப்பக்கம், மெத்தையில்லாத கதிரையில், அதிபர் செல்வரத்தினம். இடப்பக்கம் ஸ்ரூலில் ஐயாவின் வான் சாரதி வைத்திலிங்கம். பின்னால் இரண்டு வாங்குகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பரிசோதனை மேசைக்கு இரு பக்கமும் அதே வகுப்பின் நிலக்சனாவும் சுஜிதனும். கஜாலினி ரீச்சருக்குக் கதிரை மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும் அன்றைக்கு அவளால் இருந்திருக்க ஏலாது.

காரணம், மேசையில் இருந்த நீலப் பெட்டி. உணரிகளும் ரிலே சுவிச்சுகளும் நிறைந்த அந்தப் பெட்டியை, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, புங்குடுதீவின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு எடுப்பித்தவள் அவள்தான். ஒரு வருடத் தவணை அன்றோடு முடிகிறது. ஐயா திருப்திப்பட்டால் பெட்டி இங்கேயே நிற்கும். இல்லையென்றால் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்விடும். அவர்களிடம் ஏற்கனவே இரண்டு பெட்டி உண்டு.

பரிசோதனை எளிது. வெளிச்சத்தை உணரும் சின்னக் கண் ஒன்று. இருட்டினால் அது ரிலேயைத் தட்டும். ரிலே பல்பை எரிய வைக்கும். விடிந்தால் நூர்க்கும்.

யன்னல்களைச் சாத்தினார்கள். அறை இருண்டது. ஐயாவின் வெள்ளைச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பல்ப் எரியவில்லை.

சுஜிதன் வயர்களை இழுத்துப் பார்த்தான். நிலக்சனா மேசையின் மறுகோடியைக் கையால் காட்டினாள். அங்கே, ஐயா வந்ததும் ஏற்றிய மங்கள விளக்கு ஐந்து திரியும் நின்று எரிந்தது. அந்தக் கண்ணுக்கு இன்னும் பகல்தான்.

"விளக்கை நூர்ப்பமோ, சேர்?" என்று கஜாலினி மெதுவாகக் கேட்டாள்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? வந்த மனுசனுக்கு முன்னால ஏத்தின விளக்கை நூர்க்கிறதோ?" என்றார் அதிபர், அதைவிட மெதுவாக.

ஆகவே விளக்கு அலுமாரிக்குப் பின்னால் போனது. அங்கே தொங்கிய மூலகங்களின் அட்டவணை மூலையில் புகையத் தொடங்கியது. அதிபர் பாய்ந்துபோய் அதைக் கையால் அடித்து அணைத்துவிட்டு, விளக்கைத் தானே தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். வெளியே கடல்காற்று. விளக்கை அரைச்சுவரில் வைத்து, ஐந்து திரிக்கும் இரண்டு கையாலும் அணைகட்டியபடி அவர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

இப்போது உண்மையான இருட்டு. டக். பல்ப் எரிந்தது. கஜாலினி மூச்சுவிட முதல், டக், நூர்ந்தது. பிறகு டக், டக், டக் என்று தையல் மெசின் ஓடுவதுபோல் ரிலே அடிக்கத் தொடங்கியது. வாங்குகளில் சிரிப்பை அடக்கும் சத்தம்.

"பல்ப் தன்ர வெளிச்சத்தைத் தானே பாத்து, விடிஞ்சிட்டுது எண்டு நினைக்குது, ரீச்சர்," என்றாள் நிலக்சனா.

கஜாலினிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது. இதை அவள் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

சுஜிதன் நெருப்புப்பெட்டி ஒன்றைக் கண்ணின்மேல் கவிழ்த்தான். டக்டக் நின்றது. பல்ப் சீராக எரிந்தது. சின்னப் பல்ப், வெளிச்சம் மேசையைத் தாண்டவில்லை. இத்தோடு முடித்துவிடலாம் என்று கஜாலினி நினைத்தாள். ஐயா இருந்த திசையிலிருந்தும் "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள்தான் விடவில்லை.

"இது களவு, ரீச்சர். இனி மத்தியானமும் எரியும்," என்றான் சுஜிதன், நெருப்புப்பெட்டியைக் கவிழ்த்தவனே. கைபேசி வெளிச்சத்தை அடித்துக் காட்டினான். பல்ப் அசையவில்லை.

நிலக்சனா தன் சித்திரக் கொப்பியிலிருந்து கறுப்புத் தாளொன்றைக் கிழித்துக் குழலாகச் சுருட்டி, கண்ணின்மேல் பொருத்தி, வாயை யன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். இனி அந்தக் கண் யன்னலை மட்டுமே பார்க்கும். பல்பைப் பார்க்காது.

"திறவுங்கோ," என்றாள்.

யன்னல்கள் திறந்தன. வெயில் உள்ளே விழுந்தது. டக். பல்ப் நூர்ந்தது.

முதலில் கைதட்டியவர் பரமலிங்கம் ஐயா. "வெயில் பட்ட உடனை நூந்திட்டுது. ஒரு சின்னப் பிசகும் இல்லை. இப்பிடி நான் வேறை எங்கையும் காணேல்லை. பெட்டி இஞ்சையே நிக்கட்டும்," என்று எழும்பினார். அதிபர் அப்போதுதான் விளக்கோடு உள்ளே வந்தார். ஒரு திரிகூட நூரவில்லை.

ஐயா தேத்தண்ணிக்குப் போனார். கஜாலினிக்கோ மனம் ஆறவில்லை. அவ்வளவு கூத்தையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு சின்னப் பிசகும் இல்லை என்று சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும். அந்தப் பெருந்தன்மையை ஏமாற்றிப் பெற்றதுபோல ஏற்றுக்கொள்வதா? தாளை எடுத்தாள். முதலாவது பிழை விளக்கு; இரண்டாவது பல்பின் வெளிச்சம்; மூன்றாவது நெருப்புப்பெட்டி; எரிந்த அட்டவணை தனி. ஒவ்வொன்றையும் யார் கண்டுபிடித்தது, யார் திருத்தியது என்று ஒழுங்காக எழுதினாள். 'தாங்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்த பொறுமைக்கு நன்றி. ஆனால் உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதுங்கள். அதன் பிறகும் பெட்டியைத் தருவதானால், அது இப்பிள்ளைகளின் மூளைக்காக இருக்கட்டும்' என்று முடித்தாள். உறையின் விளிம்பில் பசை தடவி, நகத்தால் இரண்டு தரம் அழுத்தி ஒட்டினாள்.

ஐயா தேத்தண்ணி குடித்து வானில் ஏறியிருந்தார். வானருகே போய் வைத்திலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் அதை யன்னலுக்குள்ளால் ஐயாவிடம் நீட்டினார். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் ஓரத்தைக் கிழிக்கத் தொடங்கினார்.

"உங்கட ஐயாவின்ர பொறுமை பெரிசு, அண்ணை," என்றாள் கஜாலினி, கண் கலங்க. "அவ்வளவு பிழையையும் பாத்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை."

வைத்திலிங்கம் அவளை விளங்காமல் பார்த்தார்.

"எந்தப் பிழையை, ரீச்சர்? நீங்கள் யன்னலைச் சாத்தின கையோட நித்திரையான மனுசன், திறந்த சத்தத்துக்குத்தானே முழிச்சவர்."