எர்த்து அண்ணாச்சி மாட்டிய ஹீட்டர்

கரண்டுக்கு எர்த்து அண்ணாச்சியைப் போலப் பயந்த மனிதர் கோவில்பட்டி வட்டாரத்திலேயே கிடையாது. அவர் தொழில் எலக்ட்ரீசியன் என்பதுதான் சங்கடம்.

தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் நான் சூப்பர்வைசர். அங்கே எந்த வேலைக்கு வந்தாலும் அண்ணாச்சி முதலில் கொல்லைக்குப் போய், எர்த் கம்பி புதைத்த குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார். கரிசல் காய்ந்து வெடித்தால் மண் கம்பியை விட்டு விலகிவிடுமாம். கோடையில் சரி. ஐப்பசி அடைமழையிலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஊற்றினால்?

"அண்ணாச்சி, மழைதான் ஊத்துதுல்லா?"

"மழை அது இஷ்டத்துக்குப் பெய்யுது. நான் என் இஷ்டத்துக்கு ஊத்துதேன்."

அந்த மழையில்தான் ஹீட்டர் வந்தது. மை காயாமல் லேபிளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காயவைக்கிற அறையிலோ தின்னர் ஆவி. சாதாரண ஹீட்டரின் ஒரு பொறி போதும், கூரை பறந்துவிடும். அதனால் உள்ளே என்ன வெடித்தாலும் நெருப்பு வெளியே வராதபடி, கனத்த இரும்புக் கூட்டில் அடைத்த ஹீட்டரை வாங்கியிருந்தார் முதலாளி.

வயர் நுழைய அதில் ரெண்டு ஓட்டை. ஒன்று போதும். மற்றதில் பிளாஸ்டிக் மூடி. அண்ணாச்சி அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுப் பையைக் கட்டினார்.

"இது தூசிக்குப் போட்டது. மரை வச்ச இரும்பு மூடி, இந்த ஹீட்டருக்குன்னே உள்ளது வரட்டும். நானும் வாரேன்."

"ஒரு ஓட்டைக்காகவா வேலையை நிப்பாட்டுதீய?" முதலாளி ஒட்டிப்போன லேபிள் கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"அந்த ஓட்டை வழியாத்தான் மொதலாளி நாம எல்லாரும் போவோம்."

மூடி வந்தது. அண்ணாச்சியும் வந்தார். தின்னர் டின்களை வெளியேற்றி, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, ஆவி இருக்கிறதா என்று வாடகைக்கு எடுத்த மீட்டரை மூலைமூலையாகக் காட்டினார். அறையின் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வயரைச் சோதித்தார். டீக்குப் போய் வந்தால் மறுபடியும் சோதிப்பார்.

"பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி உங்க இடுப்புல. கரண்டு எப்படி அண்ணாச்சி வரும்?"

"அதைத்தான் அதுகிட்டயே கேக்கப் போறேன்."

அன்று டீ குடித்துவிட்டு வந்தோம். தகரக் கூரையில் மழை பேரிரைச்சல். ஹீட்டருக்குள் நுழைக்க வேண்டிய வயர் முனைகள் வெளியே தொங்கின. எடுத்துக் கொடுக்கலாமே என்று கை நீட்டினேன்.

"ஏட்டி, கையை எடு!"

என்னை எப்போதும் 'அம்மா' என்கிற மனிதர். என் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவர் டெஸ்டரை வயர் பக்கம் கொண்டுபோனார். சிவப்பாக எரிந்தது.

பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவர் இடுப்பில்தான்.

"எதையும் தொடாம பின்னால நடங்க."

நடந்தேன். குதிகாலில் ஏதோ இடித்தது. தின்னர் டின். மழையில் நனைய வேண்டாமென்று யாரோ திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. டின்னைத் தாண்டி வாசலுக்கு வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மழையில் கரண்டு போனதும் போட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்திலோ யாரோ அந்த அறையின் காற்றாடிக்காக, மெயின் வழியாக வராமல் ஜெனரேட்டரிலிருந்தே ஒரு லைன் இழுத்து இந்த வயரோடு சேர்த்திருந்தார்கள். எங்கள் யாருக்கும் தெரியாது.

ஜெனரேட்டரை நிறுத்தி, அந்த லைனைக் கழற்றிப் போட்ட பிறகுதான் அண்ணாச்சி படியில் உட்கார்ந்தார். முதலாளி கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் கொட்டியது.

"ஏட்டின்னுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீயம்மா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரெண்டையும் செய்தேன்.

அப்புறம் டின்களை வெளியேற்றி, மீட்டர் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்து, ஒரு போல்ட்டு விடாமல் முடுக்கி, ஹீட்டரை ஓடவிட்டுத்தான் போனார். லேபிள் அப்பளம்போலக் காய்ந்தது.

மறுநாள் காலை நான் வேலைக்கு வரும்போது கேட்டில் நனைந்துகொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வேலைதான் முடிஞ்சுட்டுல்லா?"

"கேட்டு லைட்டு மினுக்குதுன்னாவ. பாக்க வந்தேன்." என் கைகள் இரண்டையும் ஒரு தரம் பார்த்தார். "சாப்பிட்டீயளாம்மா? சரி, வாரேன்."

வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

எங்கள் கேட்டில் லைட்டே கிடையாது.