கீழ்ச் சுவரும் என் கால் பெருவிரலும்

தர்மபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகள் யதுர்ஷிகாவுக்கு,

வவுனியாவில் நீயும் பிள்ளையளும் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு மாமா எழுதுவது. நானும் சுகம், வலது கால் பெருவிரல் நீங்கலாக.

நீ வரைபடம் கீறித் தந்த எங்கள் மாடிவீட்டின் கீழ்ச் சுவர்களை இடித்து, தூண்களை மட்டும் விட்டு, உழவு இயந்திரமும் நெல் மூட்டையும் வைக்க நான் நினைத்ததும், நீ தொலைபேசியில் மறித்ததும் நினைவிருக்கும். பாரம் தாங்குவது கொங்கிறீற்றுத் தூண், சுவர் வெறும் மறைப்பு என்று, முப்பத்துநாலு வருடம் கணிதம் படிப்பித்த திமிரில் பொறியியலாளரான உனக்கே பாடம் எடுத்தேன். நிலம் நடுங்கினால் என்று கேட்டாய். வன்னி பார்க்காத அழிவு அது ஒன்றுதான், இங்கே வர அதற்கு வழி தெரியாது என்று சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. அவாவை நம்பவைக்க ஓர் உதாரணம் தேவைப்பட்டது. என்ர புத்தக அலுமாரிக்கு மூன்று தட்டு. அடித்தட்டின் முதுகுப் பலகையை மட்டும் கழற்றினன். "ஞானேஸ்வரி, இதுதான் வீடு, இதுதான் நடுக்கம்" என்று பக்கவாட்டில் மெல்லத்தான் தள்ளினனான். பலகை இருந்த மேல்தட்டு ரெண்டும் பெட்டி மாதிரி விறைச்சு நிண்டுது. ஆட்டம் முழுக்க அடித்தட்டுக்குப் போய், அது சரிஞ்சு, முழு அலுமாரியும் அகராதிகளோட என்ர காலில குந்தீட்டுது. மாமி விரலைப் பார்க்க முதல் அலுமாரியைப் பார்த்தா.

"மேல்தட்டிலதானே நாங்கள் படுக்கிறது?"

அதுக்குப் பிறகும் மேற்பாதியை மட்டும் இடிச்சு அரைச் சுவராவது விடலாமோ என்று யோசிச்சன். நீ அனுப்பின குரல்செய்தியை நேற்றுத்தான் முழுதாகக் கேட்டேன். முதல்தரம் பாதியில் நிறுத்தியிருந்தனான். அரைச் சுவர் தூணின் கீழ்ப்பாதியை இறுக்கிப் பிடிக்கும், நடுங்கும்போது மேலே மிஞ்சும் குட்டைத் தூண்துண்டுதான் முறியும் என்று நீ சொன்னது மறுபாதியில் இருந்தது.

ஆகவே சுவர்கள் நிற்கும், உழவு இயந்திரம் மாமரத்தடியில் நிற்கும். என் புத்தியால் கெட்டது ஒரு விரல் மட்டுமே.

நீ கீறும் கோடெல்லாம் நிலைத்து நிற்க வாழ்த்தும்,
மாமா வீரகத்தி

பி.கு.: மேலே 'ஒரு விரல் மட்டுமே' என்று எழுதின வசனத்தை வெட்டிவிடு. போன வருடம் எங்கட ஊர் நூலகமான மாடி வாசிகசாலையின் கீழ்ச் சுவர்களை இடிப்பிச்சதும் நான்தான். கூட்டம் வைக்க விசாலமாச்சு என்று ஊரவை எனக்குப் பொன்னாடை போர்த்தினவை. மேல்மாடியில் பாலர் வகுப்பு. இண்டைக்கு நொண்டிக்கொண்டு போய், மாடியைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்திட்டன். நாளையிலிருந்து பிள்ளையள் எங்கட வீட்டுக் கீழறையில, நாலு சுவருக்குள்ள இருப்பினம். வாசிகசாலையை நீ உடனே வந்து பார்க்க வேணும். பொன்னாடையைத் திருப்பிக் குடுக்கலாமெண்டு தேடினன். மாமி என்ர விரலுக்குக் கட்டுப்போட்டது அதைக் கிழிச்சுத்தானாம்.