ஆயிரத்து ஐந்நூற்றொன்றின் மங்களம்

ஒரு காட்டில் ஒரே ஒரு டிஎஸ்எல் மோடம் இருந்தது. ஆலமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதன் பாஸ்வேர்டு யானைத் தலைவர் வேலாயுதத்திடம் மட்டும்தான் இருந்தது. வேறு யாருக்கும் அதைக் கேட்கத் தைரியம் இல்லை.

அன்று பொற்கொடி என்ற தேவாங்கு பகல் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். குடியிருக்கும் பொந்தைத் தன் பேரில் பதிய மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் பொந்து மரநாய்க்குப் போய்விடும். வயிற்றில் இரண்டு குட்டி வேறு.

கொடுமை என்னவென்றால், சின்னச் சின்னச் செய்தியெல்லாம் ஜோராகப் போயிற்று. ஆந்தைக்கு அனுப்பிய 'குட்மார்னிங்' கூடப் போயிற்று. பொந்தின் புகைப்படத்தோடு விண்ணப்பத்தை அனுப்பினால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே பெரிதான அவள் கண்கள் இன்னும் பெரிதாயின.

நாலரை மணிக்கு அகழெலி சிங்காரம் மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். காட்டுக்குக் கேபிள் புதைத்தவன் அவன்தான்.

"அக்கா, தகவலைத் துண்டு துண்டா நறுக்கித்தான் லைன்ல அனுப்பும். வாசலோட அளவு 1500 பைட்டு. துண்டுக்கு மேல போடுற உறையே எட்டு தின்னுடும். அதனால துண்டு 1492-தான் இருக்கணும். அதுக்கு மேல போனா வாசல்ல சிக்கிக்கும், சின்னச் செய்தி மட்டும்தான் நுழையும். மோடத்துல தலைவர் எவ்வளவு வச்சிருக்காரோ, போய்க் கேப்போம்."

இருவரும் தலைவரிடம் ஓடினார்கள். தேவாங்கு ஓடினால் எப்படியிருக்கும்? போய்ச் சேர மணி நாலு ஐம்பத்தைந்து.

"1501," என்றார் தலைவர் பெருமையாக. "மொட்டையா 1500 வைக்கலாமா? மொய் எழுதினா ஒண்ணு சேர்த்துத்தானே எழுதுறோம்?"

"தலைவரே, 1492-ன்னு குறைச்சா எல்லாம் போயிடும்," என்றான் சிங்காரம்.

"குறைக்கிறதா? என் ஆட்சியில எதுவும் குறையாது. அதுல சேர்த்த ஒண்ணு எங்கடா இருக்கு?"

நாலு ஐம்பத்தெட்டு. பொற்கொடிக்கு அழுகை முட்டியது. அழுதால் நேரமாகும் என்று அடக்கிக்கொண்டு, கையைக் கட்டினாள்.

"ஐயா, இவன் கிடக்கான். 1491-ன்னு ஒரு எண்ணு மொட்டையா நிக்குது, பாக்கவே பாவமா இருக்கு. உங்க கையால ஒண்ணு சேர்த்து வச்சீங்கன்னா..."

தலைவரின் காதுகள் விசிறின. "அப்படிக் கேளு! மங்களமா இருக்கும்."

தும்பிக்கை தட்டியது. விண்ணப்பம் பறந்தது. நாலு ஐம்பத்தொன்பதுக்கு ரசீது வந்ததும் பொற்கொடி மோடத்தையே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

மறுவாரம் 1492-ஐக் கண்டுபிடித்ததற்காகத் தலைவருக்குப் பாராட்டு விழா. பந்தல்கால் நடக் குழி தோண்டியவன் சிங்காரம்.

நீதி: சரியான விடை தெரிந்தால் அதில் ஒன்றைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள், அந்த ஒன்றைப் போட்டுக்கொள்ளத்தான் தலைவர்கள் இருக்கிறார்கள்.